மஞ்சள் கிட்டாரும் கறுப்புக் கொம்பும்

அத்தியாயம் 5

"இதுல சட்னி அரைக்கலாமாண்ணே?" என்று கேட்டான் மருது.

கடைக்காரர் சூரியபிரகாஷுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் மருது கேட்டதிலும் நியாயம் இருந்தது. அந்த மஞ்சள் எலக்ட்ரிக் கிட்டாரில், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு இருக்கவேண்டிய இடத்தில் மிக்ஸியின் திருகு ஒன்று உட்கார்ந்திருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள்கூட அழியாமல் இருந்தன.

"செகண்ட் ஹேண்ட் சாமான்னா அப்படி இப்படித்தான் இருக்கும். வாங்குற ஆளு நக்கல் பண்ணக் கூடாதுப்பா."

"நான் வாங்க வரல. பொண்ணு பாக்க வந்த மாதிரி வந்திருக்கேன். பிடிச்சா அக்காகிட்ட சொல்வேன்."

அக்கா என்று அவன் சொன்னது பக்கத்தில் நின்ற தாமரைச்செல்வியை. சிம்மக்கல்லில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் 'துப்பறியும் நிபுணர்' என்று போர்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர். வருகிற வழக்குகளில் முக்கால்வாசி, மாப்பிள்ளை குடிப்பாரா மாட்டாரா என்கிற விசாரணைதான். மருது அவரிடம் சேருவதற்கு முன்னால் ஊர் ஊராகத் திருவிழா மேடைகளில் கச்சேரிக் குழுவுக்கு ரிதம் பேட் வாசித்தவன். வாசிப்பை விட்டு நாளாகிவிட்டது. வாய் மட்டும் இன்னும் மேடையை விட்டு இறங்கவில்லை.

ஆனால் இந்த வழக்கு சிரிக்கிற வழக்கு இல்லை என்பது அவனுக்கும் தெரியும்.

நேற்று ஆபீசுக்கு வந்த முத்துச்செல்விக்கு உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். தையல் தைத்துப் பிழைக்கிறாள். அவள் கணவன் பாண்டிராஜ், சந்தைக்கு ஆட்டை ஓட்டிக்கொண்டு போய், திரும்பும்போது இந்தக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்த மனுஷன். கடையில் இருந்ததிலேயே மலிவான கிட்டார். வாசித்தால் பாட்டைவிட இரைச்சல்தான் அதிகம் கேட்டதாம். அவள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவன் அதைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்ததும் அவளுக்கே வேடிக்கையாகப் போய்விட்டது. பிரியாணிப் பொட்டலத்து அலுமினியத் தாளை உள்ளே ஒட்டி இரைச்சலை அடக்கினான். கழுத்தில் விரலைக் கிழித்த கம்பி ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்தான். பைக்குக்குப் பெயிண்ட் அடிக்கிற நண்பனிடம் கொடுத்து மஞ்சள் அடித்தான். உடைந்த திருகுக்குப் பதிலாக அவளுடைய பழைய மிக்ஸியின் திருகை மாட்டினான். அன்றைக்கு மட்டும் மறுபடியும் சண்டை வந்தது.

பிறகு மதுரையில் ஏதாவது கச்சேரிக் குழுவில் சேர்ந்துவிட்டு வந்து கூட்டிப்போகிறேன் என்று கிட்டாரோடு கிளம்பினான். முதலில் தினமும் போன் வந்தது. அப்புறம் ஒருநாள் போன் அணைந்தது. அணைந்தது அணைந்ததுதான். வருஷம் மூன்றாகிறது.

"எங்க பெரியவரு ஜெயபாண்டி கெட்டவரு இல்லக்கா," என்றாள் முத்துச்செல்வி. பாண்டிராஜின் அண்ணன் அவர். "அவரு மகளுக்குக் கல்யாணம் பேசியிருக்கு. பத்திரிகையில சித்தப்பா பேரை எப்படிப் போடுறது, இருக்காருன்னா, இல்லைன்னான்னு கேக்குறாரு. நான் மணவறைப் பக்கம் நிக்கலாமா கூடாதான்னு ஊரே பேசுது. வர்ற வெள்ளிக்கிழமை கருமாதி வெச்சிருக்காங்க. தாலியக் கழட்டச் சொல்றாங்க. உசுரோட இருக்கிற மனுசனுக்கு எப்படிக்கா எள்ளுந்தண்ணியும் எறைக்கிறது?"

உயிரோடு இருக்கிறான் என்று அவள் சொன்னது வெறும் ஆசையில் இல்லை. போன மாசியில் போலீஸ் கூப்பிட்டு, லாரி ஏறிய ஒரு பிணத்தைக் காட்டியிருக்கிறது. முகம் முகமாக இல்லை. இவர் இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அவ்வளவு உறுதியாக எப்படிச் சொன்னீர்கள் என்று தாமரைச்செல்வி கேட்டதற்கு, "அவரு விரல எனக்குத் தெரியாதாக்கா?" என்றாள்.

மூன்று வருஷமாக அவள் விடிந்ததும் செல்போனில் பழைய கிட்டார் விற்பனைப் படங்களைப் பார்க்கிறாள். முந்தாநாள் அதில் இந்த மஞ்சள் கிட்டார் வந்தது.

மருது கிட்டாரை மடியில் வைத்து இப்படியும் அப்படியும் திருப்பினான். முத்துச்செல்வி அனுப்பிய போட்டோவைச் செல்போனில் திறந்து பக்கத்தில் பிடித்துப் பார்த்தான். கட்டிலில் உட்கார்ந்து பாண்டிராஜ் வாசிக்கிற படம். மருதுவின் முகம் தொங்கிப்போனது.

"அக்கா, இது தேறாது. வாங்க போவோம்."

"ஏன்?"

"இது நொட்டாங்கைக்காரன் வாசிக்கிற கிட்டாரு. பாருங்க, தடிச்ச கம்பி மேல இருக்கணும், கீழ இருக்கு. கம்பி எல்லாத்தையும் தலைகீழா மாத்திக் கட்டியிருக்கான். தோள்வார் மாட்டுற ஆணியப் புடுங்கி அந்தப் பக்கம் அடிச்சிருக்கான். மிக்ஸித் திருகையும் இடம் மாத்தி, பழைய ஓட்டைய எம்-சீல் வெச்சு அடைச்சிருக்கான். நம்ம பாண்டிராஜ் போட்டோவுல சோத்தாங்கைக்காரரு. அவரு எப்பயோ வித்துட்டாரு. வாங்குன நொட்டாங்கைக்காரன் தனக்குத் தோதா மாத்திக்கிட்டான். அந்த ஆளைப் புடிச்சா அவன் வீட்டு விலாசம்தான் கிடைக்கும்."

தாமரைச்செல்வி கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். யோசிக்கிறார் என்று அர்த்தம். கிட்டாரின் கழுத்து முடிந்து தலை தொடங்குகிற இடத்தில், ஆறு கம்பிகளும் பள்ளம் பள்ளமாகப் படிந்து போகிற சின்னப் பட்டை ஒன்று இருக்கும். வாங்கும்போது அது பிளாஸ்டிக். பாண்டிராஜ் அதைப் பெயர்த்துவிட்டு, தன் காளையின் கொம்பில் ஒரு பட்டை அறுத்து ராவி வைத்திருந்தான். மஞ்சுவிரட்டில் சுவரில் மோதி ஒடிந்த கொம்பு அது. கறுப்பில் தேன் நிறத்தில் ஒரு கீற்று ஓடும் என்று முத்துச்செல்வி சொல்லியிருந்தாள். அந்தக் கீற்றை வைத்துத்தான் படத்தில் கிட்டாரை அடையாளம் கண்டிருந்தாள்.

"மருது, போட்டோவுல அந்தப் பட்டையப் பெருசாக்கு."

பெருசாக்கினான்.

"ஓரத்துல என்ன தெரியுது?"

"ஒரு மூலை சில்லு பேந்திருக்கு."

"கிட்டாருல?"

மருது குனிந்து பார்த்தான். மூலை முழுசாக இருந்தது. தடித்த கம்பிக்கான அகலப் பள்ளம் இப்போது கீழ்ப்பக்கம் அளவாக ராவப்பட்டிருந்தது. கறுப்பில் தேன் கீற்று மட்டும் அப்படியே.

"பட்டை புதுசு, கொம்பு பழசு," என்றார் தாமரைச்செல்வி. "கம்பிய மாத்திக் கட்டுனா பழைய பள்ளம் பொருந்தாது. புதுப் பட்டை வேணும். விலைக்கு வாங்குனவனா இருந்தா கடையில பிளாஸ்டிக் பட்டை வாங்கி ஒட்டிட்டுப் போயிருப்பான். அதே மாட்டோட அதே கொம்புக்கு அவன் எங்க போவான்? மிச்சக் கொம்பு யாருகிட்ட இருந்துச்சு?"

மிச்சத் துண்டைப் பாண்டிராஜ் ராசிக்கு இருக்கட்டும் என்று கூடவே கொண்டுபோனதாக முத்துச்செல்வி நேற்றுச் சொன்னது மருதுவுக்கு நினைவு வந்தது.

"அப்ப மாத்துனது அவரேதான். சோத்தாங்கையில வாசிக்கிற மனுசன் எதுக்குக்கா மாத்தணும்? ஒரே பக்கமா வாசிச்சுக் கழுத்து சுளுக்கியிருக்குமோ?"

தாமரைச்செல்வி சிரிக்கவில்லை. கண்ணாடியைக்கூட மாட்டிக்கொள்ளவில்லை. சூரியபிரகாஷிடம் கிட்டாரைக் கொண்டுவந்தது யார் என்று கேட்டார். போன மாசம் செல்லூரிலிருந்து ராமக்காள் என்று ஒரு அம்மா ஆட்டோவில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனதாக அவர் சொன்னார். தெருவையும் சொன்னார்.

ஸ்கூட்டரை எடுக்கப் போன இடத்தில் மருதுவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூன்று வருஷம் காத்திருந்த பெண். போன மாசம்வரை கிட்டார் இந்த ஊரில்தான் இருந்திருக்கிறது. மாற்றிக் கட்டியவனும் அவள் புருஷனே. இதற்கு மேல் என்ன வேண்டும்? போனை எடுத்தான்.

"தங்கச்சி, மருது பேசுறேன். உங்க வீட்டுக்காரரு செல்லூர்ல இருக்காரு போல. இப்பத்தான் போறோம்."

அந்தப் பக்கம் தையல் மெஷின் நாற்காலி நகர்கிற சத்தம்.

"நான் இப்பவே பஸ் ஏறுறேண்ணே. ஆரப்பாளையத்துல வந்து நிப்பேன்."

அக்காவிடம் இதை அவன் சொல்லவில்லை. ஆளைக் கண்டுபிடித்த பிறகு சொன்னால் பாராட்டு கிடைக்கும் என்று நினைத்தான், பாவி.

பாலம் தாண்டிச் செல்லூருக்குள் நுழைந்ததும் தறிச் சத்தம் காதை அடைத்தது. ராமக்காளின் வீடு ஒரு தறிக்கூடத்துக்குப் பின்னால் இருந்தது. வீட்டோடு சேர்த்து இரண்டு அறைகளைத் தறியில் வேலை செய்கிறவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். வாசலில் உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தவள், கிட்டார் என்று சொன்னதுமே மோட்டாரை நிறுத்திவிட்டாள்.

"பாண்டிராசுத் தம்பியோட சொந்தக்காரவுகளா? இம்புட்டு நாளா எங்கம்மா போயிருந்தீக?"

மருது தாமரைச்செல்வியைப் பார்த்தான். பார்த்தீர்களா என்கிற மாதிரி.

"அவரு இங்கதான் இருந்தாரா?" என்றார் தாமரைச்செல்வி.

"இந்த ரூம்புலதான். கச்சேரியில சேரணும்னு வந்துச்சு. ஒருத்தரும் சேக்கல. சோத்துக்கு வழி வேணும்ல, இந்தத் தறியில சேந்துச்சு. தங்கமான புள்ள. ராத்திரி ஷிப்டு பாத்தாலும் காலையில அந்த மஞ்சக் கட்டையத் தொடாம தூங்காது."

"கைக்கு என்ன ஆச்சு?"

தாமரைச்செல்வி ஏன் அதைக் கேட்டார் என்று மருதுவுக்குப் புரியவில்லை. ராமக்காளுக்குப் புரிந்தது.

"உங்களுக்குத் தெரியுமா? அதை என்னான்னு சொல்ல. சேந்த கொஞ்ச நாள்லயே தறியோட பல்சக்கரம் இழுத்துருச்சும்மா. இடது கையில மூணு விரலு. பெருவிரலும் சுண்டுவிரலுந்தான் மிச்சம். ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னைக்கு அழுகவே இல்ல. போனைத் தூக்கி வாய்க்கால்ல எறிஞ்சிருச்சு. வீட்டுக்குச் சொல்லணும்ப்பா, பொண்டாட்டி தேடாதான்னு கேட்டேன். வெரலைப் பாத்துத்தான்க்கா அவ என்னையக் கட்டுனா, இந்தக் கையோட போயி நிக்க மாட்டேன்னு சொல்லிருச்சு."

தாமரைச்செல்வி ஏன் சிரிக்கவில்லை என்பது மருதுவுக்கு இப்போதுதான் உறைத்தது. கிட்டாரில் கம்பியை அழுத்துவது இடது கை விரல்கள். அந்த விரல்கள் போய்விட்டால், அழுத்துகிற வேலையை வலது கைக்குத்தான் கொடுக்கவேண்டும். கிட்டாரைத் திருப்பினால்தான் அது நடக்கும்.

"அப்பறம் ஒருநாள் பாத்தா அந்தக் கட்டையப் பிரிச்சுப் போட்டு உக்காந்திருக்கு," என்றாள் ராமக்காள். "ஒத்தக் கையில கொம்பை ராவுது, நான் புடிச்சுக்கிட்டேன். செருப்பு வாரை வெட்டி இடது கையில கட்டி, அதுல பிளாஸ்டிக் துண்டைச் சொருகி, அதால கம்பியத் தட்டும். வலது கைக்குப் பழக்கமே இல்ல, பச்சப்புள்ள எழுதுற மாதிரி வாசிக்கும். வெரல் நுனியெல்லாம் ரத்தம். ஒரு பாட்டு, ஒரே ஒரு பாட்டு முழுசாத் தப்பில்லாம வந்துட்டா ஊருக்குப் போயிருவேன்க்கான்னு சொல்லும். ரெண்டு வருசம் ஆச்சு அந்த ஒரு பாட்டுக்கு."

"வந்துச்சா?" என்று கேட்டான் மருது.

"வந்துச்சே. அன்னைக்கு இந்தச் சந்துல எல்லாத்துக்கும் மிச்சர் வாங்கிக் குடுத்துச்சு. போன மாசியில, சிவராத்திரிக்குக் கெளம்புச்சு. குலசாமி கோயில்ல எல்லாச் சனமும் இருப்பாக, அவளும் இருப்பா. மொதல்ல என் கையக் காட்டுறேன், வான்னு சொன்னா வந்து கிட்டார எடுத்துட்டுப் போறேன்னு இங்கனயே வெச்சுட்டுப் போச்சு. ராத்திரி கடைசி பஸ்ஸ விட்டுட்டேன், செக்கானூரணியில இருந்து நடந்து போறேன்னு யாரு போன்லயோ இருந்து கூப்புட்டுச்சு. அம்புட்டுத்தான். சரி, பொண்டாட்டி கூப்பிட்டுக்கிட்டா, நம்மள மறந்துருச்சுன்னு நெனைச்சேன். மாசம் பல ஆச்சு, ரூமுக்கு வேற ஆளு வந்துட்டாக. அதான் கடையில போட்டேன். நல்லா இருக்குல்லம்மா ராசு?"

தாமரைச்செல்வி தெருப்பக்கம் போய், செக்கானூரணிப் பக்கம் தெரிந்த ஏட்டு ஒருவருக்குப் போன் போட்டார். மாசி சிவராத்திரிக்கு மறுநாள் காலை, ரோட்டோரம், லாரி ஏறிய ஆண் பிணம். இடது கையில் என்ன என்று கேட்டார். கேட்டுவிட்டுப் போனை வைத்தார்.

"மூணு விரல் இல்ல, பழைய காயம்," என்றார் திரும்பி. "யாரும் வந்து கேக்கல, தத்தனேரி மயானத்துல பொதைச்சிருக்காங்க. எலும்புத் துண்டு எடுத்து வெச்சிருக்காங்களாம், டெஸ்ட் பண்ணிச் சொல்லலாம். சொல்லத்தான் வேணுமா என்ன?"

யாரும் வந்து கேட்கவில்லை என்பது உண்மை இல்லை. ஒருத்தி வந்தாள். பத்து விரலும் உள்ள புருஷனைத் தேடி வந்தாள்.

ராமக்காள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். அந்தப் புள்ளைக்குப் போன் பண்ணி, இருக்காருன்னு சொல்லிட்டேன். பஸ்ல வந்துக்கிட்டிருக்கு."

தாமரைச்செல்வி அவனைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் அவனுக்கு நிம்மதியாகக்கூட இருந்திருக்கும்.

"நான் சொல்லட்டா?" என்றார்.

"வேணாம்க்கா. வாய் விட்டவன் நான்."

ஆரப்பாளையம் பஸ் நிலையத்தில் உசிலம்பட்டி பஸ் வந்து நின்றபோது முத்துச்செல்வி முதல் ஆளாக இறங்கினாள். தலையில் மல்லிகைப்பூ. துவைத்து மடித்த ஒரு சட்டை பையில் தெரிந்தது. கையில் பிரிக்காத ஒரு சின்னப் பாக்கெட்.

"அவரு ஊரை விட்டுப் போன மறுவாரம் கொரியர்ல வந்துச்சுண்ணே. கிட்டாருக்குக் கம்பி. அவருதான் சொல்லி வெச்சிருந்தாரு. எங்க இருக்காரு?"

மருது பூவைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். தறியைச் சொன்னான். விரல்களைச் சொன்னான். கிட்டாரைத் திருப்பிக் கட்டியதையும், ஒரு பாட்டுக்காக இரண்டு வருஷம் உட்கார்ந்ததையும், சிவராத்திரிக்குக் கிளம்பியதையும் சொன்னான். அதற்கு மேல் அவன் சொல்லவேண்டியிருக்கவில்லை.

அவள் அலறுவாள் என்று தாமரைச்செல்வி பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் வந்து நின்றார். அவள் அலறவில்லை. பஸ்ஸின் மேல் சாய்ந்துகொண்டாள். கண்டக்டர் ஏதோ சொல்ல வந்தவர், முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துபோனார்.

"ரெண்டு கையையும் தூக்கிப் பாத்தேண்ணே," என்றாள். "வலது கையில வெரல் நுனி காப்புக் காச்சிருந்துச்சு. அவருக்கு இடது கையிலதான காச்சிருக்கும், இது எவரோ செங்கல் தூக்குற ஆளுன்னு நெனைச்சேன். போலீஸ்காரம்மா நல்லாப் பாரும்மான்னு திரும்பக் கேட்டாங்க. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அவரு இல்லைங்குற சந்தோசத்துல, அவரு பக்கத்துலயே நின்னு சிரிச்சேண்ணே."

மருது அழுதுவிட்டான். பஸ் நிலையம் என்றும் பார்க்கவில்லை.

"தெரியாமத்தானம்மா," என்றார் தாமரைச்செல்வி.

"அவருக்குந்தான் தெரியலக்கா. வெரலைப் பாத்துக் கட்டுனேனாம்." கம்பிப் பாக்கெட்டைச் சட்டையோடு சேர்த்துப் பைக்குள் வைத்தாள். "பொதைச்ச எடத்துல பேரு போட்டிருக்கா?"

"இல்ல. தத்தனேரி மயானத்துல நம்பர் மட்டும் இருக்கும்."

முத்துச்செல்வி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமை பெரியவரு நினைச்சபடி எல்லாம் செய்யட்டும். நான் மறுத்துச் சொல்லல. இப்ப ஒரு ஆட்டோ புடிங்கண்ணே. அன்னைக்கு யாரோன்னு சொல்லி அவரை விட்டுட்டு வந்தது நான். நாந்தான் போயி இன்னாருன்னு சொல்லணும்."

மருது ஓடிப்போய் ஆட்டோவைக் கூட்டி வந்தான். எங்கே போகணும் என்று டிரைவர் அவனைத்தான் கேட்டார். அவள் முந்திக்கொண்டாள்.

"தத்தனேரிக்கு. எங்க வீட்டுக்காரரு அங்க இருக்காரு."